காவல்காரர்கள் சண்டை! கம்ப்யூட்டர் மயக்கம்!

இரவு 10 மணி.

திட்டக்குடியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளாற்றுக் காற்று ஜன்னல் வழியாக வருகிறது. அப்பா, விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை செய்கிறவர். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். மகள் கல்லூரியில் கடைசி வருஷம். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறாள்.

அவள் எழுதிக்கொண்டிருப்பது பீங்கான் தொழிலைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை. மூன்று மாத உழைப்பு. 80 பக்கம் முடிந்துவிட்டது. நாளை மறுநாள் கல்லூரியில் கொடுக்கவேண்டும்.

திடீரென்று திரை முழுவதும் நீலமாக மாறியது!

அதிலே ஒரு சோக முகம். இங்கிலீஷில் நாலு வரி. கம்ப்யூட்டர் தானாகவே அணைந்தது. தானாகவே எழுந்தது. மறுபடியும் நீலத் திரை! மறுபடியும் அணைந்தது!

"அப்பா! கம்ப்யூட்டர் செத்துப் போச்சுப்பா!"

தையல் மெஷின் நின்றது.

"ஏண்டி, தாத்தா படம் எல்லாம் அதுலதானே இருக்கு?" என்றார் அம்மா.

தாத்தா போன வருஷம் காலமாகிவிட்டார். அவர் சூளை முன்னால் நிற்கும் படம், பேத்தியைத் தோளில் தூக்கிய படம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

"ஃபார்மட் அடிச்சிடலாம்ணே!"

காலையில் அப்பா கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைப் பையன் ஒரு முறை போட்டுப் பார்த்தான். நீலத் திரை வந்தது.

"ஃபார்மட் அடிச்சிடலாம்ணே. புதுசு மாதிரி ஆயிடும்."

"உள்ளே இருக்கிறது?"

"அது போயிடும்ணே."

அப்பா யோசித்தார். "இரு தம்பி, வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிப் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அந்த ஒரு நிமிஷ யோசனைதான் 80 பக்கத்தையும் தாத்தாவையும் காப்பாற்றியது. எப்படி? அதைச் சொல்வதற்கு முன்னால், அந்தக் கம்ப்யூட்டருக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

ஒரு வாசல், மூன்று காவல்காரர்கள்

கம்ப்யூட்டருக்கு வரும் நோய்க்கு வைரஸ் என்று பெயர். உண்மையில் அது நோய்க் கிருமி அல்ல. கெட்ட எண்ணத்தோடு யாரோ எழுதி அனுப்பும் கட்டளைத் தொகுப்பு. அதைப் பிடிக்க வைக்கும் காவல்காரருக்கு ஆன்டி வைரஸ் என்று பெயர்.

வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பிடித்த ஆரம்பகால வைரஸ்களில் ஒன்று 1986-இல் பாகிஸ்தானில் லாகூரிலிருந்து புறப்பட்டது. 'பிரைன்' என்று பெயர். எழுதியவர்கள் அண்ணன் தம்பி இருவர். தங்கள் பெயரையும் விலாசத்தையும் டெலிபோன் நம்பரையும் அதிலேயே எழுதி வைத்திருந்தார்கள்! திருட வந்தவன் விலாசச் சீட்டு வைத்துவிட்டுப் போனதுபோல!

நம் சென்னையிலும் 1991-லேயே கே7 என்ற ஆன்டி வைரஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று உலகத்தில் இப்படிப் பல நிறுவனங்கள் இருக்கின்றன. காவல்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

திட்டக்குடி வீட்டில் நடந்தது இது:

கம்ப்யூட்டர் வாங்கியபோதே ஒரு ஆன்டி வைரஸ் அதனுள் இருந்தது. கம்பெனிக்காரர் போட்டு அனுப்பியது. சில நாள் மட்டும் இலவசம். கெடு முடிந்தும் அது வெளியே போகவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்தது.

அப்பா, கடைக்காரர் சொன்னார் என்று காசு கொடுத்து இன்னொன்று போட்டார்.

போன வாரம், மகளின் திரையில் "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்! உடனே இதைப் போடுங்கள்!" என்று ஒரு சிவப்பு விளம்பரம் மின்னியது. அவள் பயந்துபோய், இலவசம் என்று ஒன்றை இறக்கினாள். ஆக மொத்தம் மூன்று!

"காவல் அதிகம் இருந்தால் நல்லதுதானே?" என்று கேட்கத் தோன்றும். திட்டக்குடி வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் போகிறவர்கள் சந்நிதி வாசலில் நிற்கும் துவாரபாலகர்களைப் பார்த்திருப்பார்கள். இரண்டு பேர், ஒரு வாசல். சண்டையே வருவதில்லை. ஆனால் அவர்கள் கல்! கம்ப்யூட்டருக்குள் நிற்கிறவர்கள் கல் அல்ல.

நீ விடு, நான் பார்க்கிறேன்!

நீங்கள் ஒரு படத்தைத் திறக்கிறீர்கள். அந்தக் கணத்தில் காவல்காரர் குறுக்கே வருகிறார். "நில்! உன்னைச் சோதிக்கவேண்டும்" என்கிறார். சோதித்து முடித்த பிறகுதான் படம் உங்கள் கண்ணுக்கு வரும். கண் இமைக்கும் நேரத்தில் இது நடந்துவிடும்.

இரண்டு காவல்காரர் இருந்தால்?

முதல்வர் படத்தைச் சோதிக்கக் கையில் எடுக்கிறார். இரண்டாமவர், "யாரோ படத்தைத் தொடுகிறான்!" என்று பாய்ந்து அதைப் பிடித்துக்கொள்கிறார். இவர் விடட்டும் என்று அவரும், அவர் விடட்டும் என்று இவரும் நிற்கிறார்கள். கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் நகர்கிறது. சில சமயம் அப்படியே உறைந்துவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ஒவ்வொரு காவல்காரரிடமும் திருடர்களின் அங்க அடையாளம் எழுதிய புத்தகம் ஒன்று இருக்கும். அதை மற்றவர் பார்க்கிறார். "இதோ வைரஸ்!" என்று அந்தப் புத்தகத்தையே சிறையில் அடைத்துவிடுகிறார்!

இவ்வளவும் நடப்பது வெளித் திண்ணையில் அல்ல. கம்ப்யூட்டரின் உள்ளறையில். அதைக் கெர்னல் என்பார்கள். பாட்டுப் போடும் சாதனமோ, விளையாட்டோ வெளியறையில் தவறு செய்தால் அது மட்டும் நின்றுபோகும். உள்ளறையில் ஒருவர் தவறு செய்தால் வீடே ஆட்டம் கண்டுவிடும். உடனே விண்டோஸ் எல்லா வேலையையும் நிறுத்திவிடுகிறது. அதன் அடையாளம்தான் நீலத் திரை. புதிய விண்டோஸ் 11-இல் 2025 முதல் நீலத்துக்குப் பதில் கறுப்பு நிறத்தில் வருகிறது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. நீலத் திரை என்பது மரணம் அல்ல, மயக்கம்! உள்ளே இருக்கும் சாமான்கள் மேலும் கெட்டுவிடக்கூடாது என்பதற்காகவே விண்டோஸ் தன்னை நிறுத்திக்கொள்கிறது. கடைசி நிமிஷத்தில் எழுதி, சேமிக்காமல் விட்ட வரிகள் போகலாம். தாத்தா படம் பெரும்பாலும் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

அதை அழிப்பது நீலத் திரை அல்ல. அவசரப்பட்டு அடிக்கும் ஃபார்மட்!

உலகமே மயங்கிய நாள்

சின்ன வீட்டில்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம்.

2010 ஏப்ரல் 21. அமெரிக்காவின் மக்காஃபி நிறுவனம் தன் காவல்காரருக்குப் புதிய அடையாளப் புத்தகம் ஒன்றை அனுப்பியது. அதில் பிழை. விண்டோஸ் எக்ஸ்.பி.யின் இன்றியமையாத உறுப்பு ஒன்றையே வைரஸ் என்று நினைத்துச் சிறையில் அடைத்தது. கம்ப்யூட்டர்கள் அணைந்து அணைந்து எழுந்தன. வீட்டுக்காரரையே திருடன் என்று பிடித்துக் கட்டிய கதை!

2018 ஜனவரியில் வேறொரு கூத்து. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரிலேயே ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதை அடைக்க மருந்து அனுப்பியது. சில ஆன்டி வைரஸ்கள், தொடக்கூடாத இடத்தில் கை வைத்து வேலை செய்துவந்தன. மருந்தும் அவையும் மோதின. நீலத் திரை! அதனால், "எனக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளும்" என்று ஆன்டி வைரஸ் அடையாளம் காட்டினால்தான் மருந்து கொடுப்பது என்று மைக்ரோசாஃப்ட் முடிவு செய்தது.

எல்லாவற்றையும் மிஞ்சியது 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை.

பெரிய கம்பெனிகளுக்குக் காவல் போடும் நிறுவனம் கிரவுட்ஸ்டிரைக். நம் நேரப்படி காலை 9 மணி 39 நிமிஷத்துக்கு அது ஒரு சிறிய கோப்பை உலகம் முழுவதும் அனுப்பியது. காவல்காரரிடம் இருந்த விவரங்கள் 20. கோப்போ 21-ஆவது விவரத்தையும் பார்க்கச் சொன்னது. இல்லாத ஒன்றைத் தேடி உள்ளறையில் அவர் எட்டிப் பார்த்தார். விழுந்தார். கம்ப்யூட்டரும் விழுந்தது.

ஒன்றல்ல, இரண்டல்ல, 85 லட்சம் கம்ப்யூட்டர்கள்! இது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. ஆஸ்பத்திரிகள் தவித்தன. பாங்குகள் தவித்தன. விமானங்கள் நின்றன. சென்னை விமான நிலையத்திலும் பயணிகள் காத்துக் கிடந்தார்கள். இந்தியாவில் பல விமான நிலையங்களில் பயணச் சீட்டைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்.

பிழையான கோப்பை 78 நிமிஷத்தில் திரும்ப எடுத்துவிட்டார்கள். ஆனால் மயங்கி விழுந்தவற்றை ஒவ்வொன்றாகத்தான் எழுப்பவேண்டியிருந்தது.

ஒரு விநோதம்: 2010-இல் மக்காஃபியில் தொழில் நுட்பத் தலைமை வகித்தவர் ஜார்ஜ் கர்ட்ஸ். 2024-இல் கிரவுட்ஸ்டிரைக்கின் தலைவரும் அவரே! விதி ஒருவரை இரண்டு முறை அதே வாசலில் நிறுத்தியது.

இத்தனை கம்ப்யூட்டர்களை எப்படி எழுப்பினார்கள்? பலவற்றுக்கும் வழி இதுதான்: சேஃப் மோடில் ஏற்றி, தகராறு செய்த கோப்பை எடுத்துவிடுவது. திட்டக்குடி வீட்டுக்கும் அதே வைத்தியம்தான்.

மாமா வந்தார்

அம்மாவின் தம்பி விருத்தாசலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவர். சாயங்காலம் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்.

"பாப்பா, நீலத் திரையில என்ன எழுதியிருந்தது?"

"பார்க்கலையே மாமா. பயந்துட்டேன்."

"மறுபடி வரும். செல்போன்ல படம் பிடி."

வந்தது. பிடித்தாள். கீழே ஒரு கோப்பின் பெயர் இருந்தது. எஸ்.ஒய்.எஸ். என்று முடிந்தது. இப்படி முடிகிற பெயர் பெரும்பாலும் உள்ளறையில் வேலை செய்கிற ஆளுடையது. மாமா அதைத் தன் செல்போனில் தேடினார். காசு கொடுக்காமல் இறக்கிய அந்த ஆன்டி வைரஸின் ஆள்! (எப்போதும் பெயர் வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் அதிர்ஷ்டம்.)

பிறகு அவர் செய்ததைக் கவனமாகப் படியுங்கள்.

கம்ப்யூட்டர் எழும்போது, விண்டோஸ் அடையாளம் தெரிந்ததும் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தார். இப்படி இரண்டு, மூன்று முறை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இப்படித் தொடர்ந்து ஏற முடியாமல் போனால் பழுது பார்க்கும் திரை தானே வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகத் தொட்டார். ஒரு பட்டியல் வந்தது. 4-ஆம் எண்ணை அழுத்தினார். அதுதான் சேஃப் மோட்.

பழைய விண்டோஸ் 7 என்றால் கம்ப்யூட்டர் எழும்போதே எஃப்-8 பொத்தானைத் தட்டவேண்டும்.

சேஃப் மோட் என்றால் என்ன? வெளியார் யாரையும் உள்ளே விடாமல், விண்டோஸ் தன் சொந்த ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுவது. திரை கொஞ்சம் அவலட்சணமாக இருக்கும். பயப்படவேண்டாம்.

கம்ப்யூட்டர் எழுந்தது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. விழவில்லை!

"பார்த்தியா? பெட்டிக்கு ஒண்ணும் இல்ல. வெளியே இருந்து வந்தவங்கதான் தகராறு" என்றார் மாமா.

இதுதான் பரீட்சை. சேஃப் மோடில் ஒழுங்காக நின்றால், பின்னால் போட்ட ஏதோ ஒன்றின் மேல்தான் சந்தேகம். அங்கேயும் விழுந்தால் மெமரி, டிஸ்க், சூடு, மின்சாரம் என்று வேறு இடத்தில் தேடவேண்டும். சித்திரை வெயிலில் தூசி அடைத்த காற்றாடியோடு ஓடும் கம்ப்யூட்டர், ஆன்டி வைரஸ் இல்லாமலேயே மயங்கி விழும்! எல்லாப் பழியையும் காவல்காரர் தலையில் கட்டுவது நியாயம் அல்ல.

முதலில் பிரதி, பிறகு வைத்தியம்

மாமா உடனே எதையும் கழற்றவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். 80 பக்கக் கட்டுரை, தாத்தா படங்கள், அம்மாவின் தையல் கணக்கு எல்லாவற்றையும் அதில் பிரதி எடுத்தார். அரை மணி நேரம் ஆயிற்று.

அம்மாவின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. காப்பி போட எழுந்தார்.

சேஃப் மோடிலும் ஏற மறுக்கும் கம்ப்யூட்டர் என்றால்? அதற்கும் வழி உண்டு. பென்டிரைவிலிருந்தே ஏறும் லினக்ஸ் என்ற இலவச ஏற்பாடு இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்ந்தே வந்தது. "இது எதற்கு?" என்று அநேகர் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. விண்டோஸ் மயங்கிய நேரத்தில், அந்த வாசல் வழியாகப் போய்ப் படங்களை எடுத்துவிடலாம்!

ஒரு எச்சரிக்கை. புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்குக்குப் பூட்டுப் போட்டிருக்கும். போட்டது உங்களுக்கே தெரியாது. சேஃப் மோடுக்குப் போகும்போது 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி, கம்ப்யூட்டரில் நீங்கள் பதிவு செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். செல்போனில் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்கலாம். கணக்கின் கடவுச் சொல்லை மறந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். 2024 ஜூலையில் பெரிய பெரிய கம்பெனிகளே இந்தச் சாவியைத் தேடி அலைந்தன.

யார் போவது? யார் இருப்பது?

காப்பி வந்தது. கழற்றும் வேலை தொடங்கியது.

செட்டிங்ஸில், போட்டிருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் இலவச ஆன்டி வைரஸைத் தொட்டு அன்இன்ஸ்டால் கொடுத்தார். போய்விட்டது. கெடு முடிந்த பழைய ஆசாமி மட்டும் போக மறுத்தது. சேஃப் மோடில் சில அப்படித்தான் அடம் பிடிக்கும். சாதாரண முறையில் கழற்றினாலும் சில, உள்ளறையில் ஒரு ஆளை விட்டுவிட்டுப் போகும்.

அதற்காகவே பல ஆன்டி வைரஸ் நிறுவனங்கள், தங்கள் சரக்கை வேரோடு பிடுங்கும் தனிச் சாதனத்தை இலவசமாகக் கொடுக்கின்றன. மாமா அதை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து செல்போனில் இறக்கி, கம்பி போட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். கண்ட கண்ட இடத்தில் இறக்கினால், பிடுங்க வந்ததே வைரஸாக இருக்கும்!

கம்ப்யூட்டரை மறுபடி ஏற்றினார். சாதாரண முறையில்.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். விண்டோஸ் அடையாளம் வந்தது. வட்டம் சுற்றியது. மகளின் படம் போட்ட திரை வந்தது. நின்றது!

"அப்போ ஒண்ணுமே போடாம இருந்தா என்ன?" என்று கேட்டார் அப்பா.

"அதுவும் ஆகாது மாமா. ஒருத்தர் வேணும். ஒருத்தர் மட்டும்."

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், டிஃபென்டர் என்ற காவல்காரரை மைக்ரோசாஃப்டே உள்ளே வைத்து அனுப்புகிறது. காசு கிடையாது. வெளியிலிருந்து ஒருவர் முறைப்படி வந்தால் அவர் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார். வந்தவர் போய்விட்டால் திரும்ப வந்து நிற்பார். சாதாரண வீட்டுக்கு, ஒழுங்காகப் புதுப்பித்துவந்தால், அவரே போதும். காசு கொடுத்து வாங்கியவர் இருந்தாலும் சரி. தகராறு வருவது பெரும்பாலும் வெளியார் இருவர் சேரும்போதுதான். இரண்டு போட்டால் எப்போதும் நீலத் திரை வரும் என்றும் சொல்ல முடியாது. இப்போது பல ஆன்டி வைரஸ்கள், "ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், அவரை எடு" என்று முன்னாலேயே சொல்லிவிடுகின்றன. மகளிடமும் அது சொல்லியிருக்கலாம். அந்தப் பெட்டியைப் படிக்காமல் "சரி, சரி" என்று தட்டிக்கொண்டே போனது அவள் தவறு. யார்தான் படிக்கிறார்கள்!

வெளியார் உள்ளறைக்கே போகவேண்டாம், வெளியில் நின்றே காவல் காக்கட்டும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவரப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2024 நவம்பரில் அறிவித்தது. கிரவுட்ஸ்டிரைக் விபரீதம் கற்றுக்கொடுத்த பாடம் அது.

திட்டக்குடி வீட்டில் இரவு 9 மணி. மகள் மீண்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். 80 பக்கமும் இருந்தது. கடைசியாக எழுதிய ஒரு பத்தி மட்டும் காணோம். அதைத் திரும்ப எழுத ஆரம்பித்தாள்.

"அந்தத் தாத்தா படத்தை ஒரு தடவை காட்டுடி" என்றார் அம்மா.

சூளை முன்னால் தாத்தா நின்றுகொண்டிருந்தார்.

மாமா கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவர் பென்டிரைவைப் பைக்குள் போடப்போன சமயம், அம்மா கையை நீட்டினார்.

"அது இங்கேயே இருக்கட்டும் தம்பி. நீ வேற வாங்கிக்கோ."